சைக்கிளுக்கு ஒரு பின்பார்வைக் கண்ணாடி: நான்கு மாத அனுபவம்

அடையாறிலிருந்து கிண்டிக்கு, சர்தார் படேல் சாலை வழியாக நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் சென்று வரும் நான், நான்கு மாதங்களுக்கு முன்பு 380 ரூபாய்க்கு, கைப்பிடியின் முனையில் செருகும் வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். நம் ஊரில் வண்டிகள் நமக்கு வலப்புறமாகவே முந்துவதால் அதை வலக் கைப்பிடியில்தான் மாட்ட வேண்டும். ரப்பர் பிடியின் மூடிய முனையைப் பிளேடால் அறுத்துவிட்டுத் தண்டை உள்ளே செருகி, ஆலன் கீ எனும் அறுகோணச் சாவியால் திருகினால் வேலை முடிந்தது.

இதன் அருமை பேருந்து நிறுத்தங்களில்தான் தெரிகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளை முந்துகிற பேருந்து, அடுத்த சில நொடிகளிலேயே நிறுத்தத்துக்காக இடப்பக்கம் ஒதுங்குகிறது. முந்தியாகிவிட்டதால் சைக்கிள் பின்தங்கிவிட்டது என்று ஓட்டுநர் எண்ணுகிறார். ஆனால் அவர் பிரேக்கை மிதித்ததுமே இரண்டு வண்டிகளின் வேகமும் ஒன்றாகிவிட, பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டுக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே சைக்கிள்காரர் மாட்டிக்கொள்கிறார். இப்போது பேருந்து பின்னால் வரும்போதே கண்ணாடியில் தெரிந்துவிடுவதால், முன்னே நிறுத்தம் இருந்தால் நானே மிதிப்பதைத் தளர்த்தி அதற்கு வழிவிட்டுவிடுகிறேன். பயணிகள் ஏறி இறங்கும் இடைவெளியில் வலப்புறம் ஒதுங்கிச் செல்லலாமா, காத்திருக்கலாமா என்பதையும் அதே கண்ணாடி சொல்லிவிடுகிறது.

குறைகளும் உண்டு. குவியாடி என்பதால் பின்னால் வரும் கார் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. பழகுவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இரவில் ஹை பீம் போட்டு வருபவர்களின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது. நான்கு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சிக்னலில் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழையும் பைக்குகள் அதை இடித்துத் திருப்பிவிடுகின்றன. பச்சை விழுவதற்குள் அதைச் சரிசெய்வது என் அன்றாடக் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

இவற்றைவிடப் பெரிய குறையை மூன்றாவது மாதத்தில்தான் உணர்ந்தேன், அதற்குக் கண்ணாடியைப் பழிக்கவும் முடியாது. முன்பு வலப்புறம் விலகுவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். பின்னால் வருபவர் அதைக் கண்டு, ‘இவர் விலகப் போகிறார்’ என்று வேகத்தைக் குறைப்பார். இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் இல்லாத சைக்கிளுக்குத் திரும்பும் அந்தத் தலையும் நீட்டும் கையும்தான் விளக்குகள். கண்ணாடி வந்த பிறகு கழுத்தை அசைக்காமலேயே நான் விலகத் தொடங்கியதால், எனக்கு அவர்கள் தெரிந்தார்களே தவிர, என் எண்ணம் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. நின்றிருந்த கார் ஒன்றைத் தாண்டுவதற்காக அப்படி விலகியபோது, பின்னால் வந்த ஆட்டோ அலறிக்கொண்டு பிரேக் போட்டது. ஓட்டுநரின் வசவில் நியாயம் இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டுபவர்கள், பின்னால் வரும் வாகனத்தை 140 மீட்டர் தொலைவிலேயே கண்டறிந்து எச்சரிக்கும் கார்மின் வேரியா ரேடார் பின்விளக்கைப் பரிந்துரைப்பதுண்டு. பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு வண்டி வந்துகொண்டேயிருக்கும் நகரச் சாலைக்கு அது ஓயாத எச்சரிக்கையாகவே முடியும். இந்த 380 ரூபாய்க் கண்ணாடியே போதும்; வாங்குபவர்கள் முதலில் கண்ணாடியையும், பிறகு கழுத்தைத் திருப்பியும் பார்த்துவிட்டு, கையை நீட்டியே விலகவும்.