ஊதா உறை போட்ட 3000 எம்ஏஎச் செல்: வாங்கி ஏமாந்த கதை, 18650 வாங்குபவர்கள் கவனத்துக்கு

பவர்கட்டில் வைஃபை ரூட்டர் அணையாமல் இருக்க ஒரு குட்டி யுபிஎஸ், சைக்கிளுக்கு ஒரு விளக்கு, புளூடூத் ஸ்பீக்கர் என்று வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்கும் ஆள் நீங்கள் என்றால், என்றாவது ஒருநாள் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் வாங்கியே தீருவீர்கள். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புதுசு என்று சொல்லி எனக்கு அனுப்பியது பழைய செல்லும் போலிச் செல்லும் கலந்த குப்பை. காசு போனதைக்கூட விட்டுவிடலாம். அதில் ஒரு செல் சார்ஜ் ஆகும்போது தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் அக்கா மகன்.

அவன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் பள்ளியில், மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பழகும் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. அங்கே அர்டுயினோ என்கிற, நிரல் எழுதி இயக்கும் குட்டி போர்டில் எல்இடி எரியவிட்டுப் பழகியதிலிருந்து வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பான். இந்த விடுமுறைக்கு ரூட்டர் யுபிஎஸ் செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கணக்கு எளிது. எங்கள் ரூட்டருக்கு 12 வோல்ட் வேண்டும். மூன்று லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், முழு சார்ஜில் 12.6. 9 வோல்ட்டுக்கு இறங்கினாலும் எங்கள் ரூட்டர் ஓடுகிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தோம். இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் இணைத்த மூன்று ஜோடி, மொத்தம் ஆறு செல், ஒரு பிஎம்எஸ் போர்டு (செல்களுக்கு ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சர்க்யூட்), 12.6 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர். செல்லுக்கு 3000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) என்றால் மொத்தம் 66 வாட் மணி நேரம். ரூட்டர் இழுப்பது ஏழு வாட் சொச்சம். எட்டு மணி நேரமாவது தாங்க வேண்டும்.

செல்களை ஹாபி பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். பெயர் எழுதப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் இதே செல்லை வாங்குவீர்கள். நான் விசாரித்த வரையில் இந்த வகைச் செல் பல இடங்களில் கிடைக்கிறது. பக்கத்தில் போட்டிருந்த படம் பெரிய கம்பெனி ஒன்றின் செல். கீழே "புத்தம் புதியது, 3000 எம்ஏஎச்" என்று எழுதியிருந்தார்கள். வந்ததோ வெறும் ஊதா நிற உறை. அதன்மேல் 3000 என்ற எண் மட்டும். கம்பெனி பெயர் இல்லை, மாடல் எண் இல்லை, தயாரித்த தேதிக் குறியீடும் இல்லை.

9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 செல் பொய் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறிந்ததுதான். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் சிறிய உருளைக்குள் நல்ல கம்பெனிகளே 3500 எம்ஏஎச் சுற்றுவட்டாரத்தில்தான் அடைக்க முடிகிறது. அதைவிட ரொம்ப அதிகமாகப் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கடைக்காரர்கள் 9900 என்று போடவில்லை. 3000 என்று போட்டார்கள். நிஜத்தில் இருக்கக்கூடிய எண். விலையும் அடிமாட்டு விலை இல்லை, நல்ல செல்லின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. விஷயம் தெரிந்தவனும் நம்பும்படியான எண்ணையும் விலையையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான்.

எல்லாவற்றையும் இணைத்து, முழு சார்ஜ் போட்டு, மெயினை அணைத்துப் பார்த்தோம். இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. இணைப்பில் ஏதாவது தளர்ந்திருக்கும் என்று சரிபார்த்துவிட்டு மறுபடி சார்ஜில் போட்டோம். அப்போதுதான் பையன், "மாமா, இந்த ஒண்ணு மட்டும் சுடுது" என்றான். நான் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துவிட்டேன். ஒருவித இனிப்பு வாடையும் லேசாக வந்தது. பிளக்கைப் பிடுங்கி, அந்தச் செல்லை ஹோல்டரிலிருந்து குறடால் எடுத்து, மாடியில் மணல் நிரப்பிய பழைய பூந்தொட்டிக்குள் போட்டேன். நல்லவேளை, அதற்குமேல் எதுவும் ஆகவில்லை. பிஎம்எஸ் போர்டு ஏன் துண்டிக்கவில்லை என்று கேட்பீர்கள். நாம் வாங்கும் மலிவான போர்டுகள் வோல்ட்டேஜையும் கரண்ட்டையும்தான் கவனிக்கின்றன, பெரும்பாலானவற்றில் சூட்டை அளக்கும் சென்சார் கிடையாது.

அடுத்து ஒவ்வொரு செல்லாக அளந்தோம். முதலில் எடை. தங்கம் நிறுக்கிற மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு போதும். நல்ல 18650 செல் சுமார் 44 முதல் 49 கிராம் வரை இருக்கும். எங்களுடையதில் நான்கு 44 கிராம் பக்கத்தில் நின்றன. மற்ற இரண்டும் 33 கிராம்தான். சூடானது அந்த இரண்டில் ஒன்று. இப்படி எடை குறைந்த செல்களைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே சின்னதாக ஒரு செல்லை வைத்து மீதி இடத்தை ஏதோ பொடியால் நிரப்பியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். நான் பிரிக்கவில்லை, நீங்களும் பிரிக்காதீர்கள். லித்தியம் செல்லின் உலோக உறையை வெட்டினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

எடை சரியாக இருந்த நான்கும் நல்லவை என்று நினைத்துவிட வேண்டாம். ஊதா பிளாஸ்டிக்கை மட்டும் முனையில் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், மைனஸ் முனைத் தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றின்மேல் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள். நிக்கல் பட்டையைச் செல்லோடு பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங்கின் தடம் அது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, நிக்கல் பட்டையைப் பிய்த்து, தேய்த்து, புது உறை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். புதுச் செல்லில் இப்படித் தேய்த்த வெல்டிங் புள்ளி வரிசை இருக்க வழியே இல்லை. நாங்கள் பட்டை வைத்து இணைக்கவும் இல்லை, பிளாஸ்டிக் ஹோல்டரில்தான் மாட்டியிருந்தோம்.

கொள்ளளவை அளக்க ஒரு சோதனைக் கருவியை நாங்களே செய்தோம். உண்மையில் யுபிஎஸ்ஸைவிட இதைச் செய்ததில்தான் பையனுக்கு உற்சாகம். ஒரு அர்டுயினோ நானோ, ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒரு லாஜிக் லெவல் மாஸ்பெட், 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு, குட்டி ஓஎல்இடி திரை ஒன்று. இரண்டு ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் இணைத்தால் 5 ஓம். செல்லின் வோல்ட்டேஜை ஐந்தால் வகுத்தால் கரண்ட், முக்கால் ஆம்பியர் அளவில் வரும். நானோ விநாடிக்கு ஒருமுறை வோல்ட்டேஜைப் படித்து, கரண்ட்டை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும். 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் மாஸ்பெட்டை அணைத்துவிடும். திரையில் நிற்கிற எண்தான் எம்ஏஎச். ஒரு விஷயம் மட்டும் கவனம்: யுஎஸ்பியில் வரும் 5 வோல்ட்டோடு ஒப்பிட்டுத்தான் நானோ அளக்கிறது, அது சரியாக 5 ஆக இருக்காது. மல்டிமீட்டரில் அளந்து அந்த எண்ணை நிரலில் போடாவிட்டால் கணக்கு தப்பும்.

லேப்டாப்பிலிருந்து வந்த நான்கும் 900 முதல் 1400 வரை ஆளுக்கொரு எண் காட்டின. 33 கிராம் செல்கள் இரண்டும் 600ஐத் தொடவில்லை. கம்பெனிகள் பொதுவாக 2.5 வோல்ட் வரை இறக்கி அளப்பார்கள், நாங்கள் 3 வோல்ட்டிலேயே நிறுத்தினோம், அதனால் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த வித்தியாசம் 3000ஐ 600 ஆக்காது. சூட்டுக்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. 2 ஆம்பியர் சார்ஜர் இரண்டு செல்லுக்குப் பிரிந்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர். 3000 எம்ஏஎச் செல்லுக்கு அது நிதானமான சார்ஜ். 600கூட இல்லாத செல்லுக்கு அதன் சக்திக்கு மீறிய திணிப்பு. அப்புறம், தொடர் இணைப்பில் பலவீனமான ஜோடிதான் முதலில் காலியாகும், சார்ஜிலும் முதலில் நிரம்பும். அது காலியானதும் மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும் போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

படங்கள், எடை, அளவுகள் எல்லாவற்றையும் கடைக்கு அனுப்பினேன். முதல் பதில், "நீங்கள் சால்டர் வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்." ஹோல்டரில் மாட்டிய படத்தை அனுப்பினேன். அடுத்தது, "எடை லாட்டுக்கு லாட் மாறும் சார்." பத்து கிராமுக்குமேல் மாறுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் கேட்டேன். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் பதிவு கட்டாயம், 'ஆர்' எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட எண் இருக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அதே கடையிலா! நான் எழுதிய மதிப்புரையும் அவர்கள் பக்கத்தில் இப்போது இல்லை.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, போலியான, குறையுள்ள, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். இதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் செல்லின் பணம் வந்தது. கூரியர் கட்டணம் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அந்தப் பொருள் இன்னும் அதே படத்தோடு விற்பனையில் இருக்கிறது. இதை வாங்குவது யார் என்று யோசித்தால் மனசு பதைக்கிறது. தராசும் சோதனைக் கருவியும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரோபோ கார் செய்கிற பிள்ளைகளும், பாலிடெக்னிக் புராஜெக்டுக்குக் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்களும்தான் இப்படிப்பட்ட கடைகளை நம்பி வாங்குகிறார்கள். இரவு தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதும் அவர்கள்தான்.

இப்போது நான் செல்லை நேரில்தான் வாங்குகிறேன். சென்னை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவில் தராசையும் மல்டிமீட்டரையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். நிறுக்கவோ உறை முனையைப் பார்க்கவோ விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். உறையில் மாடல் எண் இருந்தால், அந்த மாடலுக்குக் கம்பெனி வெளியிடும் தரவுத்தாளில் எடை கிராமில் போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். எடை பொய்ச் செல்லைத்தான் காட்டிக்கொடுக்கும், பழைய செல்லைக் காட்டிக்கொடுக்காது. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்துவிட்டு, எண்கள் நெருங்கி வருபவற்றை மட்டும் ஒரே பேக்கில் சேருங்கள். ஆன்லைனில்தான் கிடைக்கும் என்றால் பார்சலைப் பிரிப்பதையும் எடை போடுவதையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். என் புகாரில் கை கொடுத்தது அந்த மாதிரி ஆதாரங்கள்தான்.

கெட்ட செல்லைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கலாம், கஷ்டப்படப் போவது தூய்மைப் பணியாளர். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கம்பெனி பெயர் இல்லாத, எண் மட்டும் போட்ட இந்த ஊதா உறைச் செல் உங்கள் வீட்டுப் பவர்பேங்கிலோ பிள்ளையின் புராஜெக்ட்டிலோ இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து நிறுத்துப் பாருங்கள். அளந்து முடிக்கும்வரை இரவில் சார்ஜ் போட வேண்டாம். 40 கிராமுக்குக் கீழே காட்டினால் திரும்பச் சார்ஜ் செய்யவே வேண்டாம்.