கப்ஸும் எங்கள் பிரிண்டர் கியூவும்: ஆறு வருட அனுபவம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒருவர் நடத்தும் டியூஷன் வகுப்புக்கு 2019 இல் பழைய கொம்பியூட்டர் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு, அதில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) என்ற மென்பொருள் வழியாக லேசர் பிரிண்டர் ஒன்றை இணைத்துக் கொடுத்தேன். டியூட் (பாடக் குறிப்புத் தாள்) அடிப்பதெல்லாம் அதில்தான். அன்றிலிருந்து "அண்ணா, பிரிண்ட் வருதில்ல" என்று கோல் வராத மாதம் இல்லை.

முதல் வருடம் எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான்: எல்லாவற்றையும் கான்சல் பண்ணு, கப்ஸை ரீஸ்டார்ட் பண்ணு. சில நாள் சரிவரும், சில நாள் வராது. கியூ, அதாவது அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசை, நின்றுபோன நிலையை கப்ஸ் எழுதி வைத்துக்கொள்வதால் ரீஸ்டார்ட் பண்ணினாலும் அது நின்றபடியேதான் இருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு கியூவுக்கு இரண்டு கதவு உண்டு. வேலையை உள்ளே எடுப்பது ஒன்று, பிரிண்டருக்கு அனுப்புவது மற்றது. பிழை வந்தால் கப்ஸ் சாத்துவது இரண்டாவதை. முதலாவது திறந்தே கிடக்கும். 2022 இல், கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்தில், ஒரு சேர் வினாத்தாள் 40 பிரதிக்குக் கொடுத்துவிட்டு, வரவில்லையே என்று திரும்பத் திரும்ப மொத்தம் ஆறு தடவை அழுத்தியிருக்கிறார். நான் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கொம்பியூட்டருக்குள் நுழையும் வழி) வழியாகப் போய், இரண்டாவது கதவைத் திறக்கும் கப்ஸ்எனேபிள் கட்டளையை அடித்தேன். 240 பிரதியும் வந்து விழுந்தது. வெளியே பெற்றோல் கியூ, காஸ் கியூ, உள்ளே இந்தக் கியூ! இப்போது முதலில் கியூவில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, மிச்சத்தை கான்சல் பண்ணிவிட்டுத்தான் எனேபிள்.

அந்த வருடம் கரண்ட் கட் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. சேர்வருக்கு யுபிஎஸ் இருந்தது, பிரிண்டருக்கு இல்லை. பாதி அச்சில் கரண்ட் போனால் இணைப்பு அறுந்து கியூ நின்றுவிடும். அதுவே ரவுட்டர் திரும்ப எழும்பி பிரிண்டருக்கு வேறு ஐபி (நெட்வேர்க் முகவரி) கொடுத்துவிட்டால் கியூ நிற்காது. கப்ஸ் பழைய முகவரியின் 9100 போர்ட்டை (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கும் வாசல்) தட்டிக்கொண்டே, பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பேப்பர் வராது. கியூவின் நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளையை அடித்தால்தான் எது என்று தெரியும்.

கியூ நிற்கும் பிரச்சினைக்கு, கியூவின் அமைப்பை மாற்றும் எல்பிஅட்மின் கட்டளை மூலம் எரர் பொலிசியை (பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) ஸ்டொப் பிரிண்டரிலிருந்து ரீட்ரை ஜொப்புக்கு, அதாவது நிறுத்தாமல் திரும்ப முயல்வதற்கு மாற்றினேன். ஐபி மாறும் பிரச்சினைக்கு ரவுட்டரில் பிரிண்டரின் மெக் முகவரிக்கு (கருவியின் மாறாத அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கினேன், ஐந்து நிமிட வேலை. மூன்று வருடம் இதைச் செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

குறை என்றால் கப்ஸின் எரர் லாக், அதாவது பிழைகளை எழுதி வைக்கும் கோப்பு. சாதாரண நிலையில் உருப்படியாக ஒன்றும் சொல்லாது, எல்லாவற்றையும் எழுதும் டீபக் நிலையைப் போட்டால் ஒரு பக்கத்துக்கே வரிவரியாகக் கொட்டும், அதற்குள் பிழையைத் தேடுவது தனி வேலை.

புதிதாக பிரிண்டர் வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் வசதி) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானது பிரிண்டருக்கென்று தனி மென்பொருள் (டிரைவர்) இல்லாமலே கப்ஸோடு பேசும், பேப்பர் தீர்ந்தாலும் சொல்லும். எங்களுடையது பழசு, அதில் இது இல்லை. டிரம் போகும்வரை ஓட்டுவோம் என்கிறார் வகுப்புக்காரர்.