புல்வெட்டுற மெஷினுக்கு ட்யூன்-அப் கிட் வாங்கலாமா? நான் போட்டுப் பாத்ததுல தெரிஞ்சது

பெட்ரோல்ல ஓடுற லான் மோவர் வச்சிருந்தா என்னைக்காவது ஒருநாள் இந்த ட்யூன்-அப் கிட் உங்க கண்ணுல படும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஒரு துண்டு பெட்ரோல் டியூப், கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) அடியில இருக்கிற பவுலுக்கு, அதாவது கிண்ணத்துக்கு, கேஸ்கட் (ஒழுகாம இருக்க வைக்கிற வளையம்), ஒரு ஸ்பார்க் டெஸ்டர், எல்லாம் ஒரே பாக்கெட்ல வரும். என்னோடது நாலு ஸ்ட்ரோக், ஒத்த சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற சாதா மெஷின். ரொம்ப நாளா டேங்க்ல பெட்ரோலோடயே சும்மா நின்னுச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு இழுத்தாலும் ஒரு இருமல் கூட இல்ல, சரின்னு இந்த கிட்டை வாங்கினேன்.

இதுல உருப்படியான பொருள்னா அந்த ஸ்பார்க் டெஸ்டர்தான், சந்தேகமே இல்ல. பிளக்குக்கும் அதுல மாட்டுற ஒயருக்கும் நடுவுல சொருகிட்டு கயிறை இழுத்தா உள்ள இருக்கிற குட்டி பல்ப் மினுக்கு மினுக்குன்னு எரியும், எரிஞ்சா பொறிக்கு கரண்ட் குடுக்கிற காயில் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அவ்ளோதான் வேலை. இது இல்லாதப்ப நிறைய பேரு பிளக்கை கழட்டி இன்ஜின் பாடியில ஒட்டிப் புடிச்சுக்கிட்டு கயிறை இழுத்துப் பாப்பாங்க, பிளக் ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வெளிய வரும், பக்கத்துலயே பொறி பறக்கும், அந்த விளையாட்டே வேணாம். ஆனா பல்ப் எரிஞ்சிடுச்சுன்னு இக்னிஷன் (பொறி உண்டாக்குற) பக்கம் மொத்தமா ஓகேன்னு நினைச்சிடாதீங்க. பிளேடு கல்லுலயோ மர வேர்லயோ பட்டு டக்குன்னு நின்ன மெஷினா இருந்தா ஃப்ளைவீல் கீ (இன்ஜின்ல சுத்துற கனமான சக்கரத்தை அதோட தண்டுல பூட்டி வைக்கிற சின்ன துண்டு) கொஞ்சம் நசுங்கியிருக்கலாம், அப்ப ஸ்பார்க் வரும் ஆனா டைமிங், அதாவது பொறி வர்ற நேரம், தப்பிப் போயிருக்கும், கயிறு கையைப் புடுங்கிற மாதிரி திருப்பி இழுக்கும். அதை இந்த டெஸ்டர் காட்டாது, ஃப்ளைவீலைக் கழட்டித்தான் பாக்கணும்.

எனக்கு பல்ப் நல்லாவே எரிஞ்சுது. அடுத்து ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு உள்ள கார்ப் கிளீனர் (கார்ப்பரேட்டரைச் சுத்தம் பண்ற) ஸ்ப்ரேயை லேசா ஒரு அடி அடிச்சு இழுத்தேன், ரெண்டு செகண்ட் ஓடி செத்துப் போச்சு. இதுக்கு மேல ஆராய்ச்சியே வேணாம், ஸ்பார்க் இருக்கு, காத்து இருக்கு, பெட்ரோல்தான் போய்ச் சேரலை. (ஸ்ப்ரே கிட்ல வராது, தனியா வாங்கணும். கண்ணாடி போட்டுக்குங்க, கண்ணுல தெறிச்சா அவ்ளோதான்.)

பெட்ரோல் குழாயை அடைச்சிட்டு பவுலுக்கு அடியில இருக்கிற ஒரே போல்ட்டைக் கழட்டினா பவுல் கையோட வந்துடும். உள்ள பாத்தா பழைய வார்னிஷ் நாத்தம், அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு, அது மேல ஒரு சொட்டு தண்ணி பெட்ரோலோட கலக்காம தனியா உருண்டுக்கிட்டு இருக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அப்படியே மாசக்கணக்கா நின்னா இதுதான் கதி. எனக்கு வாய்ச்ச கார்ப்பரேட்டர்ல அந்த போல்ட்டேதான் மெயின் ஜெட் (இன்ஜினுக்குப் பெட்ரோலை அளவா விடுற பாகம்), பக்கவாட்டுல ஊசி முனை அளவுக்கு ஓட்டை. சில மெஷின்ல பவுலுக்கு மேல தனியா பித்தளை ஜெட் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் கழட்டணும். வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தா ஓட்டை வழியா ஒண்ணுமே தெரியலை, ஸ்ப்ரேல ஊற வச்சு ஒரு எலக்ட்ரிக் ஒயரைப் பிரிச்சு அதுல இருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து மெதுவா விட்டு ஆட்டினதும் பளிச்சுனு ஒரு புள்ளி வெளிச்சம் வந்துச்சு பாருங்க, கிட்டோட மொத்த காசும் அங்கயே வசூல்னு தோணுச்சு, இத்தனைக்கும் அதுக்கு கிட்ல இருந்து எதுவுமே தேவைப்படலை! டிரில் பிட், கெட்டிக் கம்பி எல்லாம் விட்டுடாதீங்க, ஓட்டை பெருசானா பெட்ரோல் அளவே மாறிடும், கரும்புகை தள்ளும்.

கிட் கைகொடுத்தது பவுலை மறுபடி மாட்டுறப்பதான். பழைய கேஸ்கட் ஸ்ப்ரே பட்டு ஊதிப் போய் பள்ளத்துல உக்காரவே மாட்டேங்குது, கிட்ல வந்தது கச்சிதமா உக்காந்துச்சு, ஒரு சொட்டு ஒழுகலை. ஆனா ஒண்ணுதான் குடுத்திருக்காங்க, ரெண்டு வச்சா குறைஞ்சா போயிடுவாங்க?

பிளக் விஷயத்துல கொஞ்சம் கடுப்பு. அட்டையில கேப் (பிளக் முனையில பொறி தாண்டுற இடைவெளி) செட் பண்ணியாச்சுன்னு போட்டிருக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டுப் பாத்தா நுழையவே இல்ல. நிறைய மோவர் இன்ஜினுக்கு 0.76 மி.மீ. கேப், உங்க மெஷினோட புக்லயும் ஒருவாட்டி பாத்துக்குங்க. ஃபீலர் கேஜும் கிட்ல கிடையாது, அதைக் குடுக்காம கேப் பத்தி அட்டையில எழுதி என்ன பிரயோஜனம். மாட்டுறப்ப கையாலயே கடைசி வரைக்கும் திருகிட்டு, வாஷர் வச்ச புது பிளக்னா அதுக்கு மேல ஸ்பேனர்ல அரைச் சுத்து போதும், சிலிண்டர் ஹெட் அலுமினியம், முறுக்கினா மரை போயிடும்.

பெட்ரோல் ஃபில்டர் பரவால்ல, அம்புக்குறி இன்ஜின் பக்கம் பாக்கணும். டேங்க் உள்ளயே வலை இருக்கிற மாடலா இருந்தா இது உங்களுக்கு தேவையே படாது.

கிட்டோட கூட வந்த செய்முறை பேப்பர் சுத்த வேஸ்ட். பிளேடு பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக் ஒயரைக் கழட்டுங்கன்னு முதல் வரியில இருக்கணும், எங்கயுமே இல்ல. மெஷினைச் சாய்க்கிறப்ப ஏர் ஃபில்டரும் கார்ப்பரேட்டரும் இருக்கிற பக்கம் மேல இருக்கணும்னும் இல்ல, மாத்திச் சாய்ச்சா ஆயில் போய் ஏர் ஃபில்டருக்குள்ள இறங்கும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா ஏரியாவே வெள்ளைப் புகை. ஆயில் பத்தி பேச்சே இல்ல, வழக்கமா 50 மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்தணும், இன்ஜின் சூடா இருக்கிறப்ப வடிச்சா அழுக்கும் சேந்து வந்துடும், டிப் ஸ்டிக் கோட்டைத் தாண்டி ஊத்தக் கூடாது. கொஞ்ச நேரம் ஓடி நின்னு, மூடியைத் திறந்து மூடினா மறுபடி ஓடுதுன்னா டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு, அதுக்கு எந்த கிட்டும் வாங்க வேணாம்.

சீசனுக்கு சீசன் ஒழுங்கா பாத்துக்கிற மெஷின்னா பிளக்கும் ஃபில்டரும் தனியா கம்பெனியோடதே வாங்கிக்குங்க, கிட் தேவையில்ல. ரொம்ப நாள் போட்டு வச்ச மெஷின், இல்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுன்னா தாராளமா வாங்கலாம், டெஸ்டரும் கேஸ்கட்டும் கண்டிப்பா வேலைக்கு ஆகும்.

ஏர் ஃபில்டருக்காக மட்டும் ஒரு ஸ்டார் குறைக்கிறேன். பேப்பர் நல்லாத்தான் இருக்கு, ஓரத்துல இருக்கிற ரப்பர் மெலிசு, கவரை மூடினாலும் ஒரு மூலையில இடைவெளி விடுது, அது வழியா போற தூசி நேரா சிலிண்டருக்குத்தான் போகும், உப்புத்தாள் போட்டு தேய்க்கிற மாதிரிதான். வித்தவங்ககிட்ட போட்டோ அனுப்பினேன், பேச்சே இல்லாம வேற ஒண்ணு அனுப்பிட்டாங்க, அதுலயும் அதே மெலிசு ரப்பர். இப்போதைக்கு பழைய ஃபில்டரை லேசா தட்டி (பேப்பர் ஃபில்டரை கம்ப்ரஸர் வச்சு ஊதாதீங்க, கிழிஞ்சிடும்) அதையே போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன், கம்பெனி ஃபில்டருக்கு ஆர்டர் போட்டாச்சு.