வெளிநாட்டுப் பயணத்தில் கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா, ஃபாரெக்ஸ் கார்டா, ரொக்கமா?

வெளிநாடு கிளம்பும்போது எந்த கார்டை எடுத்துப் போவது என்று கேட்டால், எல்லோரும் கட்டணக் கணக்கில்தான் ஆரம்பிப்பார்கள். கட்டணம் முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்று. ஏதாவது கோளாறு என்றால், அது தீரும்வரை மாட்டிக்கொண்டு நிற்பது யாருடைய பணம்? நான்கையும் இந்தக் கேள்வியில் உரைத்துப் பார்த்தால் எதை எங்கே நீட்டுவது என்று தெரிந்துவிடும்.

ஹோட்டலும் வாடகை காரும்

இங்கே போட்டியே இல்லை, கிரெடிட் கார்டுதான். ஹோட்டலில் சாவி கொடுக்கும் முன்பே கார்டை வாங்கி மெஷினில் போடுவார்கள். அறை வாடகையோடு, மினிபார், சலவை, உடைசல் என்று எதற்காவது வேண்டியிருக்கும் என ஒரு தொகையைச் சேர்த்து பிளாக் செய்துவிடுவார்கள், அதாவது எடுக்காமல் முடக்கி வைப்பார்கள். வாடகை காரில் இந்தத் தொகை இன்னும் பெரிது. கிரெடிட் கார்டில் இதனால் கடன் வரம்பு கொஞ்ச நாளைக்குக் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் முடங்குவது சேமிப்புக் கணக்கில் இருக்கும் சொந்தப் பணம். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அடுத்த ஊர், அடுத்த ஹோட்டல், அடுத்த பிளாக். கணக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது.

வெளிநாட்டு நாணயத்தில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துச் செலவழிக்கும் ஃபாரெக்ஸ் கார்டு இந்த இடத்தில் இன்னும் பலவீனம். கார் வாடகை நிறுவனங்கள் பலவும் முன்பணம் ஏற்றிய கார்டை டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்பார்கள். முன்பதிவு நிபந்தனைகளில் இது எழுதியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? கவுண்டரில் போய் நிற்கும்போதுதான் தெரியவரும்.

காலி செய்யும்போது, பிளாக் விழுந்த அதே கார்டில் பில்லைக் கட்டுங்கள். வேறு கார்டில் கட்டினால் அதில் பணமும் போகும், முதல் கார்டில் பிளாக்கும் அப்படியே நிற்கும்.

திருட்டு, ஏமாற்று

யாரோ உங்கள் கார்டு எண்ணை வைத்துச் செலவு செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். கிரெடிட் கார்டில் அது பில்லில் ஒரு வரியாக வரும். "இது நான் செய்ததில்லை" என்று புகார் கொடுத்துவிட்டு பயணத்தைத் தொடரலாம், உங்கள் பணம் உங்களிடம்தான் இருக்கிறது. டெபிட் கார்டில் பணம் ஏற்கெனவே போயாயிற்று. அதைத் திருப்பி வாங்க வங்கியின் பின்னால் நீங்கள் அலைய வேண்டும், அதுவும் வேறொரு நாட்டில் இருந்துகொண்டு.

சில நாடுகளில் சட்டமே இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. அமெரிக்கச் சட்டப்படி கிரெடிட் கார்டு மோசடியில் வாடிக்கையாளர் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு தொலைந்தது தெரிந்து 2 வேலை நாட்களுக்குள் சொன்னால் அதே 50. தாமதித்தால் 500 வரை போகலாம். கணக்கு அறிக்கை வந்து 60 நாட்கள் தாண்டியும் சொல்லாவிட்டால், அதன் பிறகு போவதற்கு வரம்பே இல்லை. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் சொன்னபடி தராவிட்டால், கார்டு கொடுத்த நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. விமான டிக்கெட், சுற்றுலா முன்பதிவு என இன்று பணம் கட்டி என்றோ அனுபவிக்கப்போகும் எதற்கும் நான் கிரெடிட் கார்டைச் சொல்வது இதனால்தான்.

ரொக்கம் எடுக்க

இதில் ஆட்டம் தலைகீழ். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் சொருகினால் பொதுவாக ரொக்கம் எடுத்ததற்குத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. டெபிட் கார்டுதான் ஏடிஎம்முக்கு ஏற்றது. ஆனால் சம்பளம் வரும் கணக்கின் கார்டு வேண்டாம். பயணத்துக்கென்று ஒரு கணக்கு வைத்து, தேவையான அளவு மட்டும் அதில் போட்டுவைப்பது நல்லது. ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் பிடிக்கும் ஏடிஎம் என்றால், நாலு தரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே தரம் எடுப்பது மிச்சம்.

விமான நிலையத்தில் "கமிஷன் இல்லை" என்று பலகை மாட்டிய நாணய மாற்று கவுண்டர்களிலும் லாபம் இருக்கத்தான் செய்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள், கமிஷன் அங்கே உட்கார்ந்திருக்கும்.

எந்த கார்டானாலும் இந்த ஒரு பொத்தான்

கடையில் கார்டை நீட்டியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், இன்னொன்று உங்கள் நாட்டு நாணயத்தில். பழகிய நாணயம் என்பதால் கை தானாக இரண்டாவதற்குப் போகும். போகவிடாதீர்கள். அந்த மாற்று விலையை வைப்பது உங்கள் வங்கி அல்ல, கடையின் பக்கம் இருப்பவர்கள். அதில் அவர்கள் லாபம் சேர்ந்தே இருக்கும். சில வங்கிகள் அதற்கு மேலும், விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று தங்கள் கட்டணத்தைப் பிடிக்கும். ஆக இரண்டு பக்கமும் அடி.

ஏடிஎம்மில் இது இன்னும் தந்திரமாக வரும். "இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?" என்று கேட்டு, ஏற்கிறேன், மறுக்கிறேன் என இரண்டு பொத்தான் காட்டும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து ஏற்கிறவர்கள் நிறைய. மறுத்தாலும் பணம் வரும், உள்ளூர் நாணயக் கணக்கில், உங்கள் வங்கியின் விலையில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட இந்த மாற்று விலை எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியாக வேண்டும் என விதியே வந்தது. அந்தச் சதவீதத்தை ஒரு தரம் பார்த்தவர் அப்புறம் ஏற்கிறேன் பக்கம் போகமாட்டார்.

கட்டணம், ரிவார்டு, ஃபாரெக்ஸ் கார்டு

வெளிநாட்டுச் செலவுக்குப் பல கிரெடிட் கார்டுகள் 3 சதவீத அளவில் கட்டணம் பிடிக்கின்றன. பிடிக்காத கார்டுகளும் உண்டு. 1 சதவீத ரிவார்டு பாயிண்டுக்காக 3 சதவீதக் கட்டணக் கார்டைத் தேய்த்தால் 2 சதவீதம் கைநஷ்டம். விமான நிலைய லவுஞ்சில் உட்கார இடம் தருகிறார்கள் என்று கார்டு தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கழித்தலையும் போட்டுப் பார்க்கலாம்.

ஃபாரெக்ஸ் கார்டின் பலம், பணம் ஏற்றும்போதே மாற்று விலை முடிவாகிவிடுகிறது. தொலைந்தாலும் உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. கிரெடிட் கார்டில் மாற்று விலை அப்படி முன்பே முடிவாவதில்லை. வாங்கிய நாள் விலை அல்ல, ஓரிரு நாள் கழித்துக் கணக்கு முடியும்போது இருக்கும் விலைதான். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் ரீஃபண்ட் இன்னொரு நாள் விலையில் வரும், தொகை அச்சாகப் பொருந்தாது. ஆனால் ஃபாரெக்ஸ் கார்டு ஏற்றும் விலையிலேயே லாபம் சேர்த்திருப்பார்கள். யூரோ ஏற்றிய கார்டை வேறு நாணயம் புழங்கும் இடத்தில் தேய்த்தால் தனிக் கட்டணம். மீந்த பணத்தைத் திரும்ப எடுக்கவும், சும்மா கிடந்தாலும் கட்டணம் வைத்திருக்கும் கார்டுகள் இருக்கின்றன. ஒரே நாட்டுக்கு, கணக்கான பட்ஜெட்டோடு போகிறவருக்குச் சரி. நாலு நாடு சுற்றுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

வேறு வேறு நெட்வொர்க்கில் (விசா ஒன்று, மாஸ்டர்கார்டு ஒன்று என்பதுபோல) இரண்டு கார்டு, ஒன்று பர்ஸில், ஒன்று அறையில். கிரெடிட் கார்டுக்கும் பின் நம்பர் தெரிந்திருக்கட்டும், ஆளில்லாத டிக்கெட் மெஷின்கள் கேட்கும். ஓடிபி வரும் சிம் வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

இவ்வளவும் மாத பில்லை முழுசாகக் கட்டுகிறவருக்கான கணக்கு. பழைய பாக்கியை இழுத்துக்கொண்டே வருகிறவருக்குப் பல கார்டுகளில் புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. பயணச் செலவு முதல் நாளிலிருந்தே வட்டியோடு ஏறும், 3 சதவீதக் கட்டணமெல்லாம் அதன் பக்கத்தில் தூசு. அவர் ஃபாரெக்ஸ் கார்டையும் பயணத்துக்கான டெபிட் கார்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, கிரெடிட் கார்டை ஹோட்டல், கார் டெபாசிட்டுக்கு மட்டும் நீட்டட்டும். அவருக்கு மட்டும், காலி செய்யும்போது பில்லை வேறு கார்டில் கட்டிவிட்டு பிளாக் தானாக விடுபடக் காத்திருப்பதே லாபம்.