மெம்பிரேனுக்கு வீட்டிலேயே ‘கோட்டிங்’ போடுவதாகச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் உவர்ப்பானது என்பதால், நான்கு ஆண்டுகளாக ஆர்.ஓ. எனப்படும் நீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைப் பாவித்து வருகிறோம். அதற்குள் உப்பைத் தடுத்து நீரை மட்டும் கடக்கவிடும் மென்சவ்வுச் சுருளைத்தான் மெம்பிரேன் என்கிறார்கள். அண்மையில் நீர் வரத்துக் குறைந்தபோது திருத்துவதற்கு அழைத்த ஒருவர், “அக்கா, மெம்பிரேன் மாத்தத் தேவையில்லை, பாதுகாப்புக் கோட்டிங் போட்டு விடுறன், இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்” என்று சொல்லி, புதியதன் விலையில் பாதியான 4,500 ரூபாயை வாங்கிக்கொண்டார். பற்றுச்சீட்டுத் தரவில்லை.

லேபல் இல்லாத போத்தலிலிருந்து நிறமற்ற திரவமொன்றை ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினார். சமையலறை முழுவதும் நீச்சல் தடாகத்தின் மணம் பரவியது; அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். நீர் முன்பைவிட வேகமாக வந்ததால் நாங்களும் மகிழ்ந்துவிட்டோம். மூன்று வாரங்களின் பின், தேநீர் கரிக்கிறது என்று அம்மா சொன்னபோதுதான் தம்பி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றரைக் கொண்டுவந்து அளந்தான். கிணற்று நீர் 620. வழக்கமாக 35 அளவில் இருந்த வடித்த நீர் 390.

இந்த மென்சவ்வில் உப்பைத் தடுப்பது, ஒரு மைக்ரோமீற்றரிலும் மிகக் குறைந்த தடிப்புள்ள, பொலியமைட் என்ற பிளாஸ்டிக் படலம் மட்டுமே. நீச்சல் தடாகத்தில் மணக்கும் குளோரின் அதைச் சிதைத்துவிடும் என்பதால்தான், குளோரின் இட்ட குழாய் நீரைப் பாவிக்கும் வீடுகளில் மென்சவ்வுக்கு முன்னால் கார்பன் வடி வைக்கிறார்கள். படலம் சிதைந்தால் நீரும் உப்பும் சேர்ந்தே கடக்கும். நாங்கள் திருத்தம் என்று எண்ணிய அந்த வேகம் உண்மையில் சேதத்தின் அறிகுறி.

கோட்டிங் எனும் பாதுகாப்புப் பூச்சு பொய்யான பொருளன்று. பொலிவைனைல் அல்கஹோல் போன்ற நீர் விரும்பும் பொலிமரைப் பொலியமைட்டின் மேல் மெல்லியதாகப் பூசினால், கரடான மேற்பரப்பு வழுவழுப்பாகி, அழுக்கு ஒட்டுவது குறைகிறது. ஆனால் அதைத் தொழிற்சாலையில், தாள் விரிந்திருக்கும் நிலையிலேயே பூசி உலர்த்தி, அதன் பிறகுதான் வலையோடு சேர்த்துச் சுருட்டி ஒட்டுகிறார்கள். சுருட்டிய மென்சவ்வுக்குள் திரவத்தைச் செலுத்திப் பூசும் முறைகளும் ஆராயப்படுகின்றன. அவற்றுக்குச் செறிவு, நேரம், அமிலத்தன்மை எல்லாவற்றையும் கணக்காகப் பேண வேண்டும். பூச்சு எவ்வளவு சிறந்ததாயினும், ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பை அது கரைக்காது.

பழைய மென்சவ்வை வாளால் அறுத்துப் பார்த்தோம். நடுக் குழாயைச் சுற்றியிருந்த தாள்களை விரித்தபோது, படிவு விரலில் மணலாய் நெருடியது. வினாகிரியைச் சொட்டியதும் சுண்ணாம்பு போல நுரைத்தது. வரத்தைக் குறைத்தது அதுவே. திருத்த வந்தவர் அதைத் தொடவேயில்லை. அறியாமையால் செய்திருப்பார் என்கிறான் தம்பி. பெயரற்ற போத்தலோடு வந்து, குடிநீரில் கை வைத்தவருக்கு அந்தச் சலுகையைத் தர என்னால் முடியவில்லை. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்ணும் அம்மா மூன்று வாரம் அந்த நீரைத்தான் குடித்தார்.

யாராவது இப்படிக் கோட்டிங் போடுவதாகச் சொல்லி வந்தால், போத்தலின் லேபலைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் உங்கள் கண்முன்னே டி.டி.எஸ். அளக்கச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டு வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு நான் முறையிடப் போகிறேன். என் கையில் இருப்பது அறுத்த மென்சவ்வும் தம்பி குறித்து வைத்த அளவுகளும் மட்டுமே.