புல்தரைப் பூஞ்சையோடு மூன்று வருடம்: அசாக்ஸிஸ்ட்ரோபின் எனக்கு எவ்வளவு கைகொடுத்தது

வீட்டுப் புல்தரைக்கு மூன்று வருடமாக அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லி அடித்து வருகிறேன். மருந்து நல்ல மருந்துதான், ஆனால் வந்திருக்கும் நோய் எது என்று பார்க்காமல் அடித்தால் காசும் போகும், புல்லும் போகும்.

முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது. வட்ட வட்டமாகப் புல் பழுப்பேறியதும் தண்ணீர் போதவில்லை என்று தினமும் மாலையில் நனைத்தேன், சத்துக் குறைவோ என்று யூரியாவும் போட்டேன். இரண்டே வாரத்தில் ஒரு சாண் அகல வட்டம் ஒரு முழத்தைத் தாண்டிவிட்டது. வந்திருந்தது பிரவுன் பேட்ச். ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சை. நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் இதே இனம்தான். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலை பத்து மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் மளமளவென்று பரவும். நான் மாலையில் விட்ட தண்ணீர் விடியும்வரை காயவே இல்லை, தழைச்சத்து வேறு கூடிவிட்டது.

இப்போதெல்லாம் மருந்தை எடுக்கும் முன், விடிந்ததும் பனி காய்வதற்குள் போய்க் குனிந்து பார்த்துவிடுவேன். பிரவுன் பேட்ச் என்றால் வட்டத்தின் ஓரத்தில் புகை படிந்தது போல் கருஞ்சாம்பல் வளையம் தெரியும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். டாலர் ஸ்பாட் என்ற இன்னொரு பூஞ்சை நோய் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் வெளிறிய திட்டுகள், மேலே ஒட்டடை மாதிரி வெள்ளை இழை. ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், புண் உடுக்கை போல நடுவில் இடுங்கி, வைக்கோல் நிறத்தில், செம்பழுப்பு ஓரத்தோடு இருக்கும். இலையில் புண்ணே இல்லை, இழுத்தால் புல் பாய் மாதிரி சுருண்டு வருகிறது என்றால் அது வேர்ப்புழு, பூஞ்சை மருந்துக்கு அங்கே வேலையில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு இரண்டாம் வருடம்தான் உறைத்தது. பிரவுன் பேட்சுக்கு நன்றாகக் கேட்ட அதே அசாக்ஸிஸ்ட்ரோபின், டாலர் ஸ்பாட்டுக்குக் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை. அதற்கு புரோபிகோனசோல் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லிதான் கேட்டது, கூடவே கொஞ்சம் உரமும், ஏனென்றால் டாலர் ஸ்பாட் தழைச்சத்துக் குறைந்த புல்லைத்தான் அதிகம் பிடிக்கும்.

இன்னொன்று, காய்ந்த இலை மருந்தால் பச்சையாகாது. வட்டம் பெரிதாகாமல் நின்றாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், புது இலை வந்து மூட எனக்கு நான்கு வாரம் ஆனது. அதற்குள் அவசரப்பட்டு மறுபடி அடிக்காதீர்கள், லேபிளில் போட்டிருக்கும் இடைவெளியை விடுங்கள். ஒரே வகையைத் தொடர்ந்து அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். பெயரைப் பார்த்து மாற்றினால் போதாது, மருந்து பூஞ்சையைத் தாக்கும் விதத்தைக் குறிக்கும் குழு எண் மாற வேண்டும்: அசாக்ஸிஸ்ட்ரோபின் 11, புரோபிகோனசோல் 3.

மூன்றாம் வருடம் தண்ணீரை விடிகாலைக்கு மாற்றினேன். வாரம் இரண்டே முறை, காலி டப்பாவை வைத்து அளந்து, மழையும் சேர்த்து மொத்தம் 2.5 சென்டிமீட்டர். புல்வெட்டியின் கத்தியைச் சாணை பிடித்தேன், ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் மருந்து அடித்தேன், அதுவும் மரத்தடியில் மட்டும். அங்கே காற்றோட்டம் இல்லை, பத்து மணிக்கும் பனி காய்வதில்லை. போன மாதம் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டேன், இப்போது எட்டு மணிக்கே புல் காய்ந்துவிடுகிறது.