சுரங்க செட்டிலிங் பாண்டுக்கு மண் ஆய்வு: கடலூரில் கிடைக்கும் சேவை எவ்வளவு தேறும்?

கடலூரில் ஓர் ஆய்வகம் செட்டிலிங் பாண்டுக்கென்றே, அதாவது சுரங்கத்திலிருந்து வரும் சேற்று நீரைத் தேக்கித் தெளியவைக்கும் குளத்துக்கென்றே, ஒரு மண் ஆய்வுத் தொகுப்பு தருகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு நான்கு போர் (துளை), ஜேசிபியால் தோண்டும் 3 மீட்டர் குழி இரண்டு, சல்லடைப் பகுப்பு, அட்டர்பெர்க் வரம்புகள் (எந்த ஈரத்தில் மண் குழைகிறது, எதில் இளகி ஓடுகிறது என்ற அளவு), பிராக்டர் (எந்த ஈரத்தில் இடித்தால் மண் அதிகம் இறுகுகிறது என்ற சோதனை), நீர் ஊடுருவல் சோதனை எல்லாம் அதில் அடக்கம். கரை நிற்குமா என்று கேட்டால் இந்த ரிப்போர்ட் நன்றாகவே பதில் சொல்கிறது. குளத்தில் தண்ணீர் தெளியுமா என்று கேட்டால் பதில் இல்லை.

போர் வேலை சுத்தம். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை எஸ்.பி.டி. (சுத்தியலால் குழாயை அடித்து இறக்கி மண்ணின் உறுதியை அளக்கும் சோதனை) செய்து, ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் விழுந்த அடிகளைத் தனித்தனியாக எழுதுகிறார்கள். கடைசி இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்தால் நடுவில் வரும் மெல்லிய களிமண் படலம் கண்ணில் படாது. கலையாத மாதிரியை மெல்லிய குழாயில் எடுத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்து நிழலில் வைக்கிறார்கள். நெய்வேலிப் பக்கம் மேலே செம்மண், கீழே கடலூர் மணற்கல்லின் மணலும் களியும் மாறி மாறி வரும். குழிச் சுவரை அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தருவதால் அந்த அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. கரைக்கு 20 செ.மீ. அடுக்கு, பிராக்டர் அடர்த்தியில் 95 சதவீதம் என்ற பரிந்துரையும் சரி. ஆனால் உகந்த ஈரத்தைவிடக் காய்ந்த மண்ணை உருட்டினால், அடர்த்தி கிடைத்தாலும் கரை கசியும். இதை ரிப்போர்ட்டிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

பெரிய குறை, சல்லடைப் பகுப்பு 75 மைக்ரானோடு (0.075 மி.மீ.) நின்றுவிடுவது. குளத்தின் அளவைத் தீர்மானிப்பதே அதற்குக் கீழே உள்ள துகள்கள்தான். சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய 40 ஹெக்டேர் மண்மேட்டில் மணிக்கு 50 மி.மீ. மழை, ஓட்டக் கெழு 0.5 (மழையில் பாதி ஓடி வருகிறது) என்றால் நொடிக்கு 2.8 கன மீட்டர் தண்ணீர் வரும். 0.02 மி.மீ. துகளைப் பிடிக்கக் கணக்குப்படி 7,700 சதுர மீட்டர் பரப்பு, ஏறத்தாழ இரண்டு ஏக்கர், வேண்டும். 0.01 மி.மீ. துகளென்றால் அது நான்கு மடங்காகி எட்டு ஏக்கரை நெருங்கும். 0.002 மி.மீ. களித்துகள் அசையாத தண்ணீரிலேயே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் பிடிக்கும்; அதற்குக் குளம் பெரிதாக்கிப் பயனில்லை, துகள்களை ஒன்றுசேர்த்துப் படியவைக்கும் படிகாரம் போன்ற திரட்டிதான் வழி. சல்லடையில் நிற்காத நுண்துகள்களைத் தண்ணீரில் படியவிட்டு அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனை இல்லாமல் இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. நிலக்கரிச் சுரங்க நீரை ஓடையில் விட, நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் இடமும் தப்பு. நான்கு போரும் குளம் வெட்டும் இடத்தில்தான் போடுகிறார்கள். குளத்துக்குள் வந்து சேரும் சேறோ மண்மேட்டிலிருந்தும் லாரி ஓடும் பாதையிலிருந்தும் வருவது. அங்கிருந்து தலா இரண்டு மூட்டை மண் எடுக்காமல் தெளிவுக் கணக்குப் போடுவது வீண்.

களி கலங்கிக் கரைந்து போகும் வகையா என்ற சோதனையும் தொகுப்பில் இல்லை. செய்வதோ எளிது. இயற்கை ஈரத்தில் உள்ள சிறு மண் கட்டியை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) போட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். சுற்றிலும் பால் போலக் கலங்கினால் அந்த மண் ஆபத்து. போர்வெல் தண்ணீரில் செய்யக் கூடாது, அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும். இந்த வகை மண்ணால் போட்ட கரையில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே குடைந்து குழாய் போல வழி பிடிக்கும்.

நிலத்தடி நீர்மட்டத்தை போர் போட்ட அன்றே அளந்து எழுதிவிடுகிறார்கள். துளை சரியாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் களிக் குழம்பு நிற்கும் குழியில் அந்த அளவுக்கு மதிப்பில்லை. குறைந்தது இரண்டு போரில் துளையிட்ட பிவிசி குழாய் இறக்கி, ஐப்பசி கார்த்திகை முழுக்க வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். சித்திரையில் காய்ந்து கிடக்கும் குழியைப் பார்த்துக் குளத்தின் அடிமட்டம் குறித்தால், அடைமழையில் ஊற்று கிளம்பிக் கொள்ளளவைத் தின்றுவிடும். 2011 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் வடகிழக்குப் பருவத்தில் வந்தவைதான்.

இடம் பழைய சுரங்கக் குழியை நிரப்பிய மண்ணாக இருந்தால் 10 மீட்டர் போர் போதாது. தளர்வாகக் கொட்டிய மண் நனைந்ததும் திடீரென்று அமுங்கும், கரை பிளக்கும். நிரப்பிய ஆண்டும் ஆழமும் தெரிந்த பிறகே போர் ஆழத்தைப் பேசுங்கள்.

கரை வடிவமைப்புக்கு மட்டும் என்றால் இந்தச் சேவையைத் தயங்காமல் எடுக்கலாம். முழுக் குளத்துக்கும் என்றால் ஹைட்ரோமீட்டர், வடிநீர்க் கலங்கல் சோதனை, மண்மேட்டு மாதிரி, பருவமழை நீர்மட்டம் ஆகிய நான்கையும் வேலை உத்தரவிலேயே எழுதிச் சேருங்கள். முதல் மூன்றுக்கும் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். நீர்மட்டத்தை வாரா வாரம் அளக்க மட்டும் தளத்தில் உங்கள் ஆள் ஒருவர் வேண்டும்.